கணினி சொன்னால் முடிந்துவிடுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அரசுச் சேவைகள் இணையத்துக்குப் போனதைப் பற்றியவை. ஓர் அரசுத் துறையில், மேல்முறையீட்டு மனுக்களைப் படித்துக் குறிப்பெழுதும் மேசையில் பல வருடம் இருந்தவள் நான். அதனால் இந்தக் கேள்விகளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: கணவர் இறந்த பிறகு எனக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது. அலுவலகத்தில் கேட்டால், "நீங்கள் தகுதியில்லை என்று சிஸ்டத்தில் வருகிறது, எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை. நான் யாரைக் கேட்பது?
(குடும்பத் தலைவி, வயது 58)

சகோதரி, உங்களைத் தகுதியில்லாதவர் ஆக்கியது கணினி இல்லை. யாரோ ஒருவர் விதியை எழுதினார், இன்னொருவர் அதை நிரலாக்கினார், ஓர் அதிகாரி "சரி, ஓட்டுங்கள்" என்று கையெழுத்துப் போட்டார். முடிவு அந்தத் துறையுடையது. காரணம் சொல்ல வேண்டியதும் அந்தத் துறைதான். "சிஸ்டத்தில் வருகிறது" என்பது காரணமே ஆகாது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே வேலையில்லாதவர்களும் மாணவர்களும் வாங்கிய உதவித்தொகையைச் சரிபார்க்க ஒரு தானியங்கித் திட்டம் வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ரோபோடெப்ட். வருமான வரித் துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து 26 ஆல் வகுத்தார்கள், ஏனென்றால் உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஆண்டின் முதல் பாதியில் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார். பிறகு வேலை போய்விடுகிறது. அடுத்த பாதியில் வருமானம் எதுவும் இல்லை என்று உண்மையை எழுதிக்கொடுத்து உதவித்தொகை வாங்குகிறார். கணினியோ 26,000 ஐ 26 ஆல் வகுத்து, இவர் ஆண்டு முழுக்க இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர் வாங்கியிருக்கிறார், மறைத்துவிட்டார் என்று முடிவு கட்டுகிறது. வீட்டுக்குக் கடன் கடிதம் போகிறது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் வேலையும் அவர் தலையில்தான். எப்போதோ மூடப்பட்ட நிறுவனத்தின் சம்பளச் சீட்டுக்கு அவர் எங்கே போவார்?

அப்படிப் போட்ட கடன் சட்டப்படி செல்லாது என்று 2019 இல் அரசே நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டது. 2023 ஜூலையில் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, அதில் நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை என்றது. கடன் கடிதத்துக்குப் பிறகு தன்னையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் தாய்மார் அந்த ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் ஏறக்குறைய இதேதான். வேலையிழந்தோர் உதவித்தொகையில் மோசடியைக் கண்டுபிடிக்க மைடாஸ் என்ற மென்பொருளை 2013 முதல் 2015 வரை ஓடவிட்டார்கள். ஏறத்தாழ 40,000 பேர் மீது மோசடிக்காரர் முத்திரை விழுந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு நான்கு மடங்கு அபராதம். மனிதக் கை படாமல் கணினியே தீர்த்த 22,000 க்கும் மேற்பட்ட வழக்குகளைப் பிற்பாடு எடுத்துப் பார்த்தபோது 93 சதவீதம் தவறு. விளக்கம் கேட்ட அறிவிப்பு, பலர் எப்போதோ பார்ப்பதை விட்டுவிட்ட இணையக் கணக்குக்குள் போய்க் கிடந்தது. பதில் வராததால் குற்றம் உறுதி என்று கணினி எடுத்துக்கொண்டது.

இனி உங்கள் விஷயம். வாயால் கேட்பதை இன்றோடு நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள். முடிவு எடுத்த தேதி என்ன? எந்த விதியின் கீழ்? என்னைப் பற்றிய எந்தத் தகவலை வைத்து? அந்தத் தகவல் எந்தத் துறையிலிருந்து வந்தது? மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள்? கொடுத்ததற்குத் தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

இதில் மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நான் படித்த மனுக்களில் விதி தப்பாக இருந்ததைவிடத் தகவல் தப்பாக இருந்ததுதான் அதிகம். பிறந்த தேதி தெரியாத எல்லோருக்கும் ஜனவரி 1 என்று போட்டுவைத்த ஒரு பதிவேடு இருந்தது. அதை இன்னொரு பதிவேட்டோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்த இரண்டு பெண்களைக் கணினி ஒருவராக்கியது. ஒருவர் இறந்துபோனதும் மற்றவரின் பணமும் நின்றது. அவர் நேரிலேயே வந்து நின்றார். ஆனால் "இறந்தவர்" என்ற குறியை நீக்கும் பொத்தான் அந்த அலுவலகத்தில் யாருடைய திரையிலும் இல்லை. உங்கள் கணவரின் இறப்பைப் பதிவு செய்தபோது உங்கள் எண் அதில் சேர்ந்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். இப்படி நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: "மனுஷன் பொய் சொல்வான், கணினி பொய் சொல்லாது" என்று என் மேலதிகாரி அடிக்கடி சொல்கிறார். மறுத்துப் பேச எனக்குத் தெரியவில்லை.
(அரசு அலுவலக எழுத்தர்)

பிரிட்டன் அஞ்சலகக் கிளைகளின் கதையை அவரிடம் சொல்லுங்கள். 1999 இல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் அங்கே வந்தது. கிளைகளில் இல்லாத பற்றாக்குறையை அது காட்டியது. கிளையை நடத்தியவர்கள் கைக்காசைப் போட்டு ஈடுகட்டினார்கள். முடியாதவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று கூண்டில் ஏற்றப்பட்டார்கள். 900 க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கே போனார்கள். கிளையில் இருப்பவருக்குத் தெரியாமல் வெளியிலிருந்து கணக்கில் கைவைக்கவே முடியாது என்று நிர்வாகம் சொல்லிவந்தது. முடியும் என்பது பிறகு வெளிப்பட்டது. மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019 இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024 இல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது.

கணினி சரியாகத்தான் வேலை செய்கிறது என்று நீதிமன்றம் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இருந்தது. இல்லை என்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல். மென்பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு வழியே கிடையாது. உங்கள் மேலதிகாரியின் வாக்கியத்தில் எனக்குப் பயமாக இருப்பது இதுதான். அவர் சொல்வதை ஒரு நீதிபதியும் நம்பினால் நிரபராதி சிறைக்குப் போவார்.

கேள்வி: உங்கள் பதில்களைப் படித்தால் எல்லாம் பழைய மாதிரியே காகிதத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. வரிசையும் இடைத்தரகரும் குறைந்தது நல்லதுதானே?
(சிறு வணிகர்)

நல்லதுதான், சந்தேகமே வேண்டாம். காகிதக் காலத்தில் கோப்பு காணாமல் போனால் போனதுதான். எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்று யாருக்கும் தெரியாது. இணைய விண்ணப்பத்தில் ஒவ்வொரு அசைவுக்கும் நேரம் பதிவாகிறது. விண்ணப்பிப்பவரும் ஒப்புதல் தருபவரும் நேருக்கு நேர் சந்திக்காதபோது கை நீட்டும் வாய்ப்பும் குறைகிறது. காகிதத்துக்குத் திரும்பிப் போக நான் கேட்கவில்லை.

ஒரு கணக்கு மட்டும் உறுத்துகிறது. "90 சதவீதம் பேர் இணையத்தில் முடித்துவிடுகிறார்கள்" என்று ஒரு துறை பெருமையாகச் சொன்னால், அந்த மீதிப் 10 சதவீதம் யார் என்று கேளுங்கள். அவர்கள் ஏதோ வழியில் பாதியில் நின்றவர்கள்: கண் தெரியாதவர், கைரேகை தேய்ந்தவர், இரண்டு ஆவணத்தில் இரண்டு விதமாகப் பெயர் உள்ளவர். அரசின் உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள். கடைக்காரர் பத்து வாடிக்கையாளரில் ஒருவரை இழந்தால், அவர் அடுத்த கடைக்குப் போவார். அரசுக்கு அடுத்த கடை கிடையாது.

கேள்வி: அரசுத் திட்டம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் குழுவில் இருக்கிறேன். எனக்கு மேலே நான்கு அடுக்கு. என்னால் என்ன மாற்ற முடியும்?
(இளம் பொறியாளர்)

தம்பி, நிறைய முடியும். ஒரு பெட்டியைக் கட்டாயம் ஆக்குவதா வேண்டாமா என்று தினமும் முடிவெடுக்கிறவர் நீங்கள். உதாரணத்துக்கு, குடும்பப் பெயர் என்ற பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டால், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர் என்ன செய்வார்? இந்தோனேசியாவில் ஏராளமானோர் அப்படித்தான். புள்ளி வைப்பார், அல்லது அதே பெயரை இரண்டு முறை தட்டுவார். பிறகு அந்தப் புள்ளியே இன்னொரு துறையின் பதிவேட்டோடு பெயர் பொருந்தாமல் போகக் காரணமாகும்.

நேரம் முடிந்துவிட்டது என்று பக்கம் தானாக மூடிக்கொள்வதையும் கவனியுங்கள். இது பற்றி ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையும் எழுதியிருக்கிறார். ஒரு கண்ணாடியை மாற்றி இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு ஆவண எண்ணைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் அழிந்துபோகிறதாம். இதற்கு, மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்த வழி செய்யும் உலகளாவிய அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகளிலேயே விடை இருக்கிறது. நேரம் முடியும் முன் எச்சரிக்க வேண்டும், ஒரே ஒரு தட்டில் நீட்டிக்கக் குறைந்தது 20 வினாடி தர வேண்டும், அப்படிப் பத்து முறையாவது நீட்டிக்க விட வேண்டும். 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு இன்னும் போகிறது: ஒரே சேவைக்குள் ஒருமுறை கொடுத்த தகவலை மறுபடி தட்டச் சொல்லாதே, உள்ளே நுழைவதற்கு நினைவாற்றலையும் புதிர் விடுவிப்பதையும் மட்டுமே வழியாக வைக்காதே. இதை அச்செடுத்து அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். உங்கள் கருத்து என்று சொன்னால் தட்டிக்கழிப்பார்கள். தரநிலை என்றால் பதில் சொல்லியாக வேண்டும்.

பிழைச் செய்தியும் உங்கள் கையில்தான். "தவறான உள்ளீடு" என்று எழுதுவதற்கும் "தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுங்கள்" என்று எழுதுவதற்கும் உங்களுக்கு ஐந்து நிமிட வித்தியாசம். எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு அது ஒரு நாள் கூலி.

அப்புறம், கொஞ்சம் கடினமான விஷயம். யாரைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்று மதிப்பெண் போடும் பட்டியலை நிரலாக்கச் சொன்னால், அதில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். நெதர்லாந்து வரித் துறை, குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் சந்தேகத்துக்குரியவர்களைப் பொறுக்க வைத்திருந்த முறையில் டச்சுக் குடியுரிமை உண்டா இல்லையா என்பதும் ஒரு காரணியாக இருந்தது. ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்கெல்லாம் மொத்தத் தொகையையும் திருப்பிக் கேட்டார்கள். பல்லாயிரம் பெற்றோர் கடனில் மூழ்கினார்கள், வீடு போனது, குடும்பங்கள் பிரிந்தன. 2021 ஜனவரி 15 அன்று அந்த நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. அதே ஆண்டு டிசம்பரில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வரித் துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் போட்டது. ஒரு பொறியாளர் அந்தக் காரணியை நிரலில் சேர்த்த நாளும் சாதாரண வேலை நாளாகத்தான் இருந்திருக்கும்.

நான்கு அடுக்கு மேலே இருப்பவர்கள் உங்கள் பேச்சைக் கேட்காமல் போகலாம். ஆனால் நீங்கள் கேட்டதும் அவர்கள் சொன்னதும் மின்னஞ்சலில் இருக்கட்டும். ரோபோடெப்ட் விசாரணையில் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தவை பழைய மின்னஞ்சல்களும் குறிப்புகளும்தான். சேவையைத் திறக்கும் முன் "இந்த முடிவைத் திருப்புவது எப்படி?" என்று ஒரு திரை வடிவமைக்கச் சொல்லிக் கேளுங்கள். என் மேசைக்கு வந்த மனுக்களில் பாதி, அந்தத் திரை இல்லாததால் மட்டுமே வந்தவை.

கேள்வி: எல்லாத் துறைகளின் தகவலையும் ஒன்றாக இணைத்தால் அலைச்சல் மிச்சம். ஆனால் யாரோ எப்போதும் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பதாகப் பயமாகவும் இருக்கிறது. எது சரி?
(கல்லூரி மாணவி)

இரண்டு உணர்வுமே சரிதான். எஸ்டோனியா இதில் பாதி தூரம் தெளிவாகப் போயிருக்கிறது. அங்கே எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் கொட்டவில்லை. தகவல் அந்தந்தத் துறையிலேயே இருக்கிறது. 2001 முதல் ஓடும் எக்ஸ்ரோடு என்ற பாதை வழியாக, அனுமதி உள்ள துறை மட்டும், தேவையானதை மட்டும், கேட்டு வாங்குகிறது. அரசிடம் ஏற்கனவே இருக்கும் தகவலை மக்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. உங்கள் அலைச்சல் அதில் போய்விடுகிறது.

எனக்குப் பிடித்தது அதைவிட இன்னொன்று. தன் தகவலை எந்தத் துறை, எப்போது எடுத்துப் பார்த்தது என்று குடிமகனே உள்ளே போய்ப் பார்க்கலாம். காரணமில்லாமல் எட்டிப்பார்த்த அதிகாரி பதில் சொல்ல வேண்டும். கண்காணிப்பு இரண்டு பக்கமும் இருந்தால்தான் இணைப்பை நான் ஏற்பேன். இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்ததல்லவா? அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்பது அதில் பேசப்பட்டது. எந்தத் திட்டம் வந்தாலும் இந்த மூன்றையும் வைத்துப் பாருங்கள். "பிற்பாடு உதவும்" என்று வாங்கி வைக்கும் தகவல் மூன்றாவதிலேயே விழுந்துவிடும்.

எஸ்டோனியாவிலும் தவறு நடந்தது. 2017 இல் அடையாள அட்டையின் சில்லில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதை வெளிநாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் பாதிப்புக்கு உள்ளாகியிருந்தன. மறைக்காமல் செப்டம்பரிலேயே அறிவித்தார்கள், புதுப்பிக்க வழி செய்தார்கள், நவம்பரில் பழைய சான்றிதழ்களை நிறுத்திவைத்தார்கள். இப்படிச் சொல்கிற அரசிடம் என் தகவல் இருப்பது எனக்குச் சம்மதம்.

கேள்வி: அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் கிடையாது. ஓடிபி என் கைபேசிக்கு வருகிறது, கைரேகையும் பதிவதில்லை. இனி இணையம் மட்டும்தான் என்கிறார்கள்.
(மகன், வெளியூரில் வேலை)

வயதானவர்களுக்கும் கையால் உழைத்தவர்களுக்கும் ரேகை தேய்வது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை எதிர்பாராத குறை போல நடத்துவது அநியாயம். ரேகை பதியாவிட்டால் அடுத்த வழி என்ன என்பது விதியிலேயே எழுதியிருக்க வேண்டும், கவுண்டரில் இருப்பவரின் இரக்கத்துக்கு விடக் கூடாது. எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் விதி இருக்கிறது, கவுண்டருக்குத்தான் தெரிவதில்லை. டென்மார்க் 2014 இல் அரசுக் கடிதங்களை இணையத்தில் உள்ள அஞ்சல் பெட்டிக்குக் கட்டாயமாக மாற்றியது. அப்போதுகூட, முடியாதவர்கள் விலக்குக் கேட்டுக் காகிதக் கடிதமே பெறலாம் என்று வைத்தார்கள். அம்மாவுக்கு அப்படி விலக்குக் கேட்டு மனு எழுதுங்கள்.

ஓடிபி உங்கள் கைபேசிக்கு வருவதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நல்ல மகன். ஆனால் அம்மாவின் பணத்துக்கான சாவி அவர் கையில் இல்லை என்பது உண்மை. எல்லா வீட்டிலும் அந்தச் சாவி நல்லவர் கையில் இருப்பதில்லை, அப்படிப்பட்ட மனுக்களையும் படித்திருக்கிறேன். அம்மா சார்பாகச் செயல்பட உங்களைப் பிரதிநிதியாகப் பதிவு செய்ய வழி இருந்தால் அதைச் செய்யுங்கள். அப்போதுதான் செய்தது யார் என்பது பதிவில் இருக்கும், வேண்டாம் என்று தோன்றினால் அம்மா அதை ரத்தும் செய்யலாம்.

கேள்வி: அரசு இணையதளத்தில் செயற்கை நுண்ணறிவு அரட்டைப் பெட்டி வந்திருக்கிறது. அது சொல்வதை நம்பி விண்ணப்பிக்கலாமா?
(வாசகர்)

நம்பி விண்ணப்பிக்காதீர்கள். நியூயார்க் மாநகராட்சி 2023 அக்டோபரில் வணிகர்களுக்காக அப்படி ஒன்றைத் திறந்தது. ஊழியர்களுக்கு வந்த அன்பளிப்புப் பணத்தில் முதலாளி பங்கு எடுக்கலாம் என்பது போன்ற, சட்டத்துக்கு நேர் எதிரான பதில்களை அது தந்ததைப் பத்திரிகையாளர்கள் 2024 மார்ச்சில் வெளியிட்டார்கள். எந்தப் படிவம், எந்த அலுவலகம் என்று வழி கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தகுதி, கெடு, கட்டணம் மூன்றையும் அரசாணையிலோ அலுவலகத்திலோ உறுதி செய்யுங்கள். தகுதியை அந்தப் பெட்டியே முடிவு செய்கிற நிலை வந்தால், மனிதர் ஒருவர் என் விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22 ஆவது பிரிவு, முழுக்கத் தானியங்கியான முடிவுகளுக்கு எதிராக அந்த உரிமையைத் தருகிறது. மற்ற இடங்களில் சட்டம் வராவிட்டாலும் கேட்பதற்குத் தடை இல்லை. அரட்டைப் பெட்டி சொன்ன பதிலைத் திரைப்பிடிப்பு எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டில் அது உங்கள் பக்கத்து ஆவணம்.